ஒரு மூடையை எத்தனை முறை தூக்குகின்றோம்?

சீனன்குடாவில் கோதுமைக் கப்பல் வந்து நிற்பதை நமது மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. 1977இல் அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனம் அங்கு அமைத்த மா ஆலை 1980இல் இயங்க ஆரம்பித்தது. கடல் கடந்து வரும் அந்தக் கோதுமையை எவரும் தோளில் சுமப்பதில்லை. கப்பலின் வயிற்றிலிருந்து இயந்திரம் எடுக்கின்றது, வானளாவி நிற்கும் சைலோக்களில் சேர்க்கின்றது, அங்கிருந்து அரைக்கும் இடத்துக்கு அனுப்புகின்றது. 1982இல் ஆரம்பிக்கப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் தொழிற்சாலையும் இதே குடாவின் கரையில்தான் இருக்கின்றது. அங்கும் கப்பலில் வரும் கிளிங்கர் கல்லை இறக்குவதும் அரைப்பதும் இயந்திரங்களே.

சாக்குக்குள் போட்டு வாயைத் தைத்த பிறகுதான் மனிதனின் முதுகு தேவைப்படுகின்றது. அந்த முதுகு பெரும்பாலும் நமது கடைகளில் வேலை செய்பவனுடையது.

ஒரு மொத்த வியாபாரியின் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். லொறியிலிருந்து மூடையை இறக்கி வாசலில் வைக்கின்றார்கள். பிறகு உள்ளே கொண்டுபோய் அடுக்குகின்றார்கள். பழைய சரக்கு அடியில் கிடக்கின்றதே என்று நாலு நாள் கழித்து மேலே உள்ளதை இறக்கி இடம் மாற்றுகின்றார்கள். பிறகு ஸ்டோரிலிருந்து கடைக்கு. கடையிலிருந்து வாடிக்கையாளரின் முச்சக்கர வண்டிக்கு. ஆக ஐந்து தடவை. மூடை 50 கிலோ, ஒரு நாளைக்கு 100 மூடை போகின்றது என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 25,000 கிலோ, அதாவது 25 தொன். மூன்று பேர் வேலை செய்தால் தலைக்கு எட்டுத் தொன்னுக்கு மேல். இந்த ஐந்து தூக்கலில் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டது கடைசித் தூக்கல் ஒன்றைத்தான். லொறி இறக்குவதைத் தவிர்க்க முடியாது. நடுவில் உள்ள மூன்றுக்கும் எவரும் நமக்குக் காசு தருவதில்லை. ஆனால் அவற்றுக்கு நாம் கூலி கொடுக்கின்றோம்.

இலாபம் குறைந்துவிட்டது என்று நமது வர்த்தகர்கள் கதைக்கும்போது கொள்முதல் விலையைப் பற்றிக் கதைப்பார்கள், வட்டியைப் பற்றிக் கதைப்பார்கள், கொழும்பு லொறிக் கூலியைப் பற்றிக் கதைப்பார்கள். கடைக்குள்ளேயே சரக்கு எத்தனை தடவை இடம் மாறுகின்றது என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

தேவையற்ற தூக்கல் என்றால் என்ன என்பது கிண்ணியாவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலம் வருவதற்கு முன்னர் பாதைக்காகக் காத்து நின்ற நேரத்தை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூதூருக்கு லோஞ்சில் சாமான் அனுப்பியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இந்தக் கரையில் லொறியிலிருந்து இறக்கி லோஞ்சில் ஏற்றி, அந்தக் கரையில் இறக்கி மீண்டும் வண்டியில் ஏற்ற வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அந்த வீதியில் மற்றப் பாலங்களும் முடிந்த பிறகு லொறி நேரே கடை வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் முன்னரைவிட வேகமாகத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய தேவைதான் இல்லாமல் போனது. வெளியே அரசாங்கம் கட்டிய அந்தப் பாலத்தைப் போல ஒன்றைக் கடைக்குள்ளே நாமே கட்டிக்கொள்ள முடியுமா என்பதுதான் எனது கேள்வி.

இந்தக் கேள்வியை முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் ஒரு கொத்தனார் என்றால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்கரான பிராங்க் கில்பிரத் 1885இல், தனது 17ஆவது வயதில், செங்கல் கட்டும் வேலை பழகப் போனார். பழக்க வந்த மேசன்மார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கட்டினார்கள். அதைவிட, ஒரே மேசன் மெதுவாகக் கட்டும்போது ஒரு விதமாகவும், அவசரத்தில் வேறு விதமாகவும், பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மூன்றாவது விதமாகவும் கட்டுவதைக் கவனித்தார். அப்படியென்றால் சரியான விதம் எது?

அவர் மேசனை அவசரப்படுத்தவில்லை. மேசனைச் சுற்றியுள்ளவற்றை மாற்றினார். கல் தரையில் குவிந்து கிடந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மனிதன் தனது முழு உடம்பையும் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவர வேண்டும். எனவே கல்லும் சாந்தும் இடுப்பளவு உயரத்தில் இருக்கும்படி, சுவர் உயர உயரத் தானும் உயர்த்தக்கூடிய சாரம் செய்தார். கல்லை எடுத்து நல்ல பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலையை உதவியாளரிடம் கொடுத்து, நல்ல பக்கம் ஒரே திசையில் வரும்படி முன்கூட்டியே அடுக்கச் செய்தார். சாந்தின் பதத்தைச் சரிசெய்ததும் கல்லைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கும் வேலையும் இல்லாமல் போனது. ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 5 போதுமானதாயிற்று. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். 1924இல் அவர் மௌத்தான பிறகு மனைவி லில்லியன் அம்மையார் இந்தப் பணியைத் தொடர்ந்தார். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற அந்தப் பெண்மணி, சமையலறையில் பெண்கள் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதற்கும் இதே முறையைப் பாவித்தார். நமது வீடுகளில் அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் உள்ள தூரத்தை ஆண்கள் ஒருநாள் நடந்து பார்த்தால் நல்லது. அது வேறு கதை.

அதே காலத்தில் வாழ்ந்த பிரெடரிக் டெயிலரின் கதையையும் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். பெத்லகேம் உருக்கு நிறுவனத்தில் 1899இல் இரும்புக் கட்டிகளைத் தூக்கி ஏற்றும் வேலையை இவர் ஆராய்ந்தார். கட்டி ஒன்று 92 இறாத்தல், அதாவது சுமார் 42 கிலோ. நமது சீமெந்து மூடையைவிடக் கொஞ்சம் குறைவு. நாளொன்றுக்கு ஓர் ஆள் 12½ தொன் ஏற்றி வந்த இடத்தில் 47½ தொன் ஏற்ற வைத்ததாக அவர் எழுதினார். அதற்குக் கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. நாம் வியாபாரிகள், கணக்குத் தெரிந்தவர்கள். வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பாரம் தூக்கிக் காட்டியவனுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். டெயிலர் சொன்னதில் மிகைப்படுத்தல் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றார்கள்.

எனினும் அவர் சொன்ன ஒரு விடயத்தை நமது முதலாளிமார் பலர் கவனிக்கவில்லை. அவ்வளவு பாரமான கட்டியைச் சுமக்கும் ஒரு நல்ல வேலையாள், நாளில் 43 சதவீதமான நேரம்தான் சுமையோடு இருக்க முடியும். மீதி 57 சதவீதமும் கை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அவரது கணக்கு. நாட்டாமை ஒருவர் மூடைக்கு மேல் சற்று உட்கார்ந்தால் முகத்தைச் சுளிக்கும் நாம், வேலை வாங்குவதில் பெயர் போன டெயிலரே இப்படிச் சொல்லியிருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். நோன்பு காலத்தில் இது இன்னும் முக்கியம்.

டெயிலரின் முறையில் கையில் நிறுத்தற் கடிகாரத்தோடு ஓர் ஆள் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பார். 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதச் சாலையில் இப்படி நின்றபோது தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். விடயம் அந்நாட்டுப் பாராளுமன்ற விசாரணை வரை போனது. கடிகாரத்தோடு நிற்பவனைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் தன்னைத்தான் அளக்கின்றார்கள் என்றே தோன்றும். அளக்க வேண்டியது வேலை செய்பவனை அல்ல. சரக்குப் போகும் பாதையை.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. கொழும்பு பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டில், பணிப்பாளர் டொக்டர் விமல் கரந்தகொடவின் தலைமையில், ஜப்பானியரின் ஐந்து ‘எஸ்’ முறை நடைமுறைக்கு வந்தது. வேண்டாததை அகற்றுவது, வேண்டியதற்கு ஓர் இடம் கொடுப்பது, துப்புரவு செய்வது, அதை ஓர் ஒழுங்காக்குவது, அந்த ஒழுங்கைப் பழக்கமாக்குவது. இவைதான் அந்த ஐந்தும். தொழிற்சாலைக்கென்று உண்டான முறையை நெருக்கடியான ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், இருக்கின்ற ஆட்களையும் இருக்கின்ற பொருட்களையும் வைத்துக்கொண்டு செய்து காட்டினார்கள். அவசரத்துக்கு ஒரு மருந்தையோ கருவியையோ தேடிக்கொண்டு தாதி நான்கு அலுமாரிகளைத் திறக்க வேண்டியிருந்தால், அந்த நிமிடங்களின் விலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2007இலிருந்து ஜப்பானின் ஜய்க்கா நிறுவனம் இந்த வைத்தியசாலையின் அனுபவத்தை முன்மாதிரியாக வைத்து ஆபிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கு இதே முறையைக் கொண்டு சென்றது. தன்சானியாக்காரர் நம்மிடம் படித்துப்போனதை நாம் பக்கத்தில் இருந்துகொண்டு படிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில அலுவலகங்களில் ஐந்து ‘எஸ்’ என்பது ஸ்டிக்கர் ஒட்டுவதோடு முடிந்துவிடுகின்றது. மேசையில் ‘தொலைபேசி’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அது தொலைபேசி என்பது பார்த்தாலே தெரிகின்றது. நமது கோப்பைத் தேடச் சொன்னால் மட்டும் அரை மணித்தியாலம் ஆகும். நான் சொல்வது அதை அல்ல.

வேலையைச் சுருக்கும் கலையை நேரில் காண விரும்பினால் நல்ல ஹோட்டல் ஒன்றில் தேநீர் போடும் நானாவைப் பாருங்கள். கொதி தண்ணீர், தேயிலை வடி, சீனிப் பேணி, பால் பேணி, கோப்பை எல்லாம் அவர் காலை நகர்த்தாமல் கை எட்டும் தூரத்தில் இருக்கும். கண் உங்களிடம் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை தானாகப் போய் சீனியை எடுக்கும். சீனிப் பேணியை ஒரு சாண் தள்ளி வையுங்கள், அவருக்குக் கோபம் வந்துவிடும். இந்தக் கலை அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்ததல்ல. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பை ஊற்றி உடம்பு கற்றுக்கொண்டது. அதே ஹோட்டலில் பரிமாறும் பையன் ஒவ்வொரு கோப்பைத் தண்ணீருக்கும் கடையின் பின்பக்கம் வரை போய் வருவான். அதை முதலாளி காசு மேசையில் இருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பார்த்துக்கொண்டிருப்பது வேறு, எழுதிப் பார்ப்பது வேறு. சர்வதேச தொழில் நிறுவனம் வேலை ஆய்வு பற்றி 1957இல் முதன்முதலில் வெளியிட்ட பயிற்சி நூல் உலகமெங்கும் பாவிக்கப்பட்டது. வேலை ஆய்வுக்காரர்களிடம் ஓர் இலகுவான உபாயம் உண்டு. கடையின் வரைபடத்தை ஓர் அட்டையில் அளவாக வரைய வேண்டும். காசு மேசை, தராசு, ராக்கை, ஸ்டோர் வாசல் என ஆள் போய் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஊசி குத்த வேண்டும். பிறகு ஒரு வேலையாள் காலை முதல் பகல் வரை எங்கிருந்து எங்கே போனார் என்பதைக் குறித்து, அதே வழியே நூலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஊசிகளுக்கும் நூலுக்கும் என்ன செலவாகப் போகின்றது? பகலில் அந்த அட்டையைப் பார்த்தால் நூல் எங்கே கட்டையாகச் சேர்ந்திருக்கின்றதோ அங்கேதான் உங்கள் காசு போய்க்கொண்டிருக்கின்றது.

நகரில் ஹாட்வெயார் வைத்திருக்கும் ஒரு நண்பரின் கடையில் இதைச் செய்து பார்த்தோம். ஆணியும் பைப்பும் இருக்கும் பக்கம்தான் நூல் திரளும் என்று அவர் நினைத்திருந்தார். நூல் திரண்டதோ பின்பக்க ராக்கைக்கும் முன்னாலுள்ள மேசைக்கும் நடுவில். காரணம் விலை. சாமானில் விலை எழுதப்படவில்லை. வாங்க வருபவர் விலை கேட்டால் பையன் முன்னுக்கு வந்து முதலாளியிடம் கேட்பான். வேறு அளவு கேட்டால் திரும்பிப் போய் அதைக் கொண்டு வருவான், மறுபடியும் கேட்பான். ஒரு ஸ்குறூப் பெட்டிக்காக நான்கு நடை. ராக்கையில் விலைச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டதும், அதிகம் போகும் இருபது முப்பது சாமான்களை மேசைக்குப் பின்னாலேயே கொண்டுவந்ததும்தான் நாங்கள் செய்தது. புதிதாக ஒரு ராக்கைகூட அடிக்கவில்லை. பையனிடம் விலையைச் சொல்லி வைப்பதில் முதலாளிக்கு முதலில் மனம் ஒப்பவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். நமது கடைகளில் பாதி நடைக்குக் காரணம், எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்க வேண்டும் என்ற எண்ணமே.

எல்லா நடையையும் வெட்ட வேண்டும் என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. சேலை காட்டும் கடையில் பத்துச் சேலை எடுத்துப் போடுவது வீண் வேலையல்ல, அதுதான் வியாபாரம். வந்தவரிடம் பிள்ளையின் பரீட்சையைப் பற்றி, உம்மாவின் சுகத்தைப் பற்றி விசாரிப்பதும் அப்படியே. சுப்பர் மார்க்கெட்டுகளால் கொடுக்க முடியாததும் அதுதான். ஆனால் விசாரித்து முடித்த பிறகும் அரைக் கிலோ பருப்புக்காக அவரைக் கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்தால், அடுத்த மாதம் அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சுப்பர் மார்க்கெட்டில்தான் நிற்பார்.

மூடை விடயத்துக்குத் திரும்புவோம். ஒரு வேலையாள் சுமக்கும் உச்ச பாரம் பற்றி 1967இல் சர்வதேச தொழில் நிறுவனம் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதோடு வந்த விதப்புரை, வளர்ந்த ஆண் ஒருவர் தொழிலாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்றது. நமது மூடைகள் 50 கிலோ என்பதால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். பாரம் மட்டுமல்ல, அது இருக்கும் உயரமும் முதுகை உடைக்கும். தரையிலிருந்து தூக்கும் 50 கிலோவும் இடுப்பளவிலிருந்து எடுக்கும் 50 கிலோவும் ஒன்றல்ல. அடியில் உயரமான பலகை மேடை போட்டு அடுக்கினால் முதுகும் தப்பும், மழைக்காலத்தில் ஈரமும் ஏறாது. பழைய சரக்கு ஒரு பக்கத்தால் வெளியே போகவும் புதியது மறுபக்கத்தால் உள்ளே வரவும் நடுவில் ஒரு பாதை விட்டால் அந்த இடம் மாற்றும் தூக்கல் இல்லாமல் போகும். இரண்டு சில்லுத் தள்ளுவண்டி ஒன்று எந்த ஸ்டோருக்கும் கட்டுப்படியாகும். நமது பழைய கடைகளில் அதற்குத் தடையாக இருப்பது பணமல்ல, வாசற்படி. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய இரண்டு படியில் வண்டி ஏறாது. ஒரு மேசனைப் பிடித்து அரை நாளில் படியின் ஒரு பக்கத்தைச் சரிவாக்கிவிடலாம். வண்டி வாங்கி மூலையில் சாத்தி வைத்திருப்பவர்கள் முதலில் படியைப் பாருங்கள்.

வேலையில் காயம்பட்டவனுக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இந்நாட்டில் 1934இலிருந்து இருக்கின்றது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும் என்பதும் சட்டம். நாளாந்தக் கூலிக்கு மூடை தூக்கும் எத்தனை பேருக்கு இவை கிடைக்கின்றன என்று நான் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஐம்பது வயதில் முதுகு போனவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவருடைய மகன் அந்த வேலைக்கு வரமாட்டான். 2022இல் மாத்திரம் இந்நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். தோஹாவில் குளிரூட்டிய களஞ்சியத்தில் வண்டி தள்ளத் தெரிந்துகொண்ட பையன் திரும்பி வந்து நமது ஸ்டோரில் தோளில் சுமப்பானா?

இனி எல்லா முதலாளிமாரும் கேட்கும் கேள்வி. மூன்று பேரின் வேலை இரண்டு பேருக்குப் போதும் என்றானால் மூன்றாவது ஆளை என்ன செய்வது? நிறுத்திவிட்டால் அந்த மாதம் ஒரு சம்பளம் மிச்சம். மிஞ்சிய இருவரும் என்ன படிப்பார்கள்? இலகுவான வழி ஒன்றை முதலாளிக்குக் காட்டினால் அடுத்தது நம்மில் ஒருவன்தான் என்று படிப்பார்கள். அதன் பிறகு எந்த உபாயத்தையும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். அட்டையும் ஊசியும் நூலும் கண்டால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பார்கள். எங்கே எந்த மூடை வீணாகத் தூக்கப்படுகின்றது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். எனவே ஆளைக் குறைப்பதில்லை என்ற வாக்கை அட்டையை வெளியே எடுப்பதற்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். மூன்றாமவனுக்கு வேலையா இல்லை? தம்பலகாமத்திலும் புல்மோட்டையிலும் உள்ள சில்லறைக் கடைகளுக்கு ஓடர் எடுத்துச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை என்று சொல்பவர்களும் நாமேதான். மிச்சமானதில் ஒரு பங்கு சம்பளத்திலும் தெரிய வேண்டும். எவ்வளவு என்பதை அவரவர் கடைக் கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஆனால் அது நூலைச் சுற்றிய அந்த மாதக் கடைசியிலேயே கையில் கிடைக்க வேண்டும், அடுத்த பெருநாளைக்கு என்று தள்ளிவைக்கக் கூடாது.